ராக்கினியின் காது

அந்தோனியம்மாளுக்கு மாட்டைப் பற்றி யாராவது குறை சொன்னால் பொறுக்காது. புருஷன் இயேசுதாசனைக் குறை சொல்லுங்கள், பேசாமல் கேட்டுக்கொள்வாள். கூட நாலு சேர்த்தும் சொல்லுவாள். கிளமெண்டியில் ஃபிளாட் எடுத்துக் குடிபோய்விட்ட மகள் உர்சுலாவைச் சொல்லுங்கள், ஒரு பெருமூச்சோடு விட்டுவிடுவாள். ஆனால் ராக்கினி ஒரு வேளை பால் குறைத்துவிட்டாள் என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் தெரியும் சேதி. அப்படிப்பட்டவளிடம் போய் ராக்கினியின் ரத்தத்திலேயே கோளாறு இருக்கிறது என்றார் ஒருவர். டாக்டராக இருந்ததால் தப்பித்தார்.

பொத்தோங் பாசிரில் ஆற்றங்கரையை ஒட்டி இருந்தது அவர்கள் கொட்டகை. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, பின்பக்கம் சீனர்களின் கீரைத் தோட்டம். இந்தப் பக்கம் அந்தோனியம்மாள் வீடு, வேலிக்கு அந்தப் பக்கம் துரைசாமியின் கொட்டகை. எழுபத்தெட்டாம் வருடம் டிசம்பரில் வந்த வெள்ளத்தில் இரண்டு வீட்டு மாடுகளையும் மேட்டு ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய், ஒரு பகலும் ஒரு ராத்திரியும் மழையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் வடிந்து திரும்பி வந்தால் வைக்கோலெல்லாம் அழுகிக் கிடந்தது. தீவனப் பீப்பாய்கள் கீரைத் தோட்டத்தில் போய்க் கவிழ்ந்து கிடந்தன. அந்த வாரமே அந்தோனியம்மாள் கொட்டகையில் சம்பங்கி என்ற பசு படுத்துவிட்டது. கழுத்திலும் தொடையடியிலும் முட்டை முட்டையாக வீக்கம். நாலு நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்து செத்துப்போனது.

வெள்ளத்தில் நின்றதால் வந்த சளி என்று துரைசாமி சொன்னார். கண்ணேறு என்று அவர் மனைவி ரத்தினம்மா சொன்னாள். கவர்மெண்டு மாட்டு டாக்டர் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. அலெக்சாண்டர் என்று பேர், குவீன்ஸ்டவுன் பையன், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. செத்த மாட்டை அறுத்துப் பார்த்தவர், மிச்ச மாடுகளின் கழுத்தில் ஊசி போட்டு மாட்டுக்கொரு குப்பி ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள், பிற்பகல் பால் கறக்கிற நேரத்தில் திரும்பி வந்தார்.

"ஆன்ட்டி, கொஞ்சம் உக்காருங்க. பேசணும்."

"கறக்குறப்ப உக்காந்துதானே இருக்கேன். சொல்லுங்க தம்பி." அந்தோனியம்மாள் ராக்கினியின் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. பால் வாளியில் நுரை கட்டி ஏறிக்கொண்டிருந்தது.

"இந்த மாட்டோட ரத்தம் சரியில்ல."

அந்தோனியம்மாள் மாட்டை நிமிர்ந்து பார்த்தாள். கருப்பும் வெள்ளையுமாக, எண்ணெய் தடவியதுபோல மினுங்கிக்கொண்டு நின்றது ராக்கினி. நவம்பரில் ஈன்ற கன்று பக்கத்தில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அந்த வட்டாரத்தில் ராக்கினி அளவுக்குக் கறக்கிற மாடு கிடையாது. அது இயேசுதாசனே ஒப்புக்கொண்ட விஷயம்.

"எதுல தம்பி சரியில்ல? தின்னுது, அசை போடுது, கறக்குது. சாணியப் பாருங்க, நல்லாத்தானே போடுது."

"வெளிய ஒண்ணும் தெரியாது ஆன்ட்டி. ரத்தத்துல வெள்ளை அணுன்னு ஒண்ணு இருக்கு. நோய் வந்தா எதுத்து நிக்கும், போலீஸ் மாதிரி. இதுக்கு அது ரொம்ப ஜாஸ்தியா இருக்கு."

வேலியில் சாய்ந்து நின்ற துரைசாமியால் சும்மா இருக்க முடியுமா? "போலீஸ் ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானே டாக்டர். எங்க லைன்ல திருட்டுப் பயமே இல்லன்னு அர்த்தம்."

அலெக்சாண்டர் சிரித்தார். நல்ல பிள்ளை, கோபம் வராது. "போலீஸே கெட்டுப்போனா அங்கிள்? ஒரு கிருமி இருக்கு. அந்த அணுவுக்குள்ளயே பூந்து உக்காந்துடும். அப்புறம் அணு அது பேச்சத்தான் கேக்கும். ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும். அஞ்சு வருஷம் சும்மா இருக்கும், எட்டு வருஷம் சும்மா இருக்கும். திடீர்னு ஒரு நாளு சம்பங்கி மாதிரி கட்டி வந்துடும்."

"வெளிய எடுக்க மருந்து இல்லியா?" இதைக் கேட்டது இயேசுதாசன். அவர் ஒரு நாளைக்கு எண்ணி நாலு வார்த்தை பேசுகிற ஆள்.

"இல்ல அங்கிள். உள்ள போச்சுன்னா அணுவுக்குள்ள எழுதியிருக்கிற எழுத்தோட எழுத்தாவே கலந்துடும். எதை அழிப்பீங்க? அந்த அணு உள்ளுக்குள்ள என்ன பேசுதுன்னு கேக்க முடிஞ்சா சின்ன வயசுலயே கண்டுபிடிச்சிடலாம். அதுக்கு இன்னும் கருவி வரல. இப்போதைக்கு மைக்ராஸ்கோப்புல வச்சு எண்ணத்தான் முடியும். ஒரு தடவை எண்ணினது பத்தாது. திரும்ப எடுப்பேன். அதுலயும் இப்படியே இருந்தா…"

"இருந்தா?"

"லாரி வரும் ஆன்ட்டி, ஏத்திட்டுப் போய் அழிச்சிடுவாங்க. மத்த மாட்டுக்குப் பரவக் கூடாதுல்ல. பாலைக் காய்ச்சிக் குடிச்சா மனுஷனுக்கு ஒண்ணும் பண்ணாது. மாட்டுக்குத்தான் ஆகாது."

அந்தோனியம்மாள் கறப்பதை நிறுத்தவில்லை. பாதிக் கறவையில் நிறுத்தினால் மடி கட்டிக்கொள்ளும். கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிந்துவிட்டு, வாளியைத் துணியால் மூடி எழுந்தாள். "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது ராக்கினிக்கு ராஜ உபசாரம். தவ்ஹு என்கிற சோயாக்கட்டி செய்கிற பட்டறையிலிருந்து வரும் சோயாச் சக்கையை மற்ற மாடுகளுக்கு ஈரத்தோடு போடுவாள், ராக்கினிக்குப் பிழிந்து தவிட்டோடு பிசைந்து உருண்டை உருண்டையாக ஊட்டினாள். ரத்தம் சுத்தமாகும் என்று முருங்கைக் கீரை, கருப்பட்டி, மஞ்சள். வாய்க்குள்ளே ஜெபமாலை ஓடிக்கொண்டே இருக்கும்.

"எனக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல்" என்றார் இயேசுதாசன் ஒரு நாள்.

"பனடால் இருக்கு, போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய உட்கார்ந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து துரைசாமி கேட்டுக்கொண்டிருந்தார். "மாப்ளே, அடுத்த பிறவியில இந்தக் கொட்டகையில மாடாப் பொறந்துடுங்க. கருப்பட்டியாச்சும் கெடைக்கும்."

ஆனால் விளையாட்டாகப் பேசினாலும் துரைசாமிக்கும் பயம்தான். ராத்திரியில் எழுந்து எழுந்து மாடுகளின் கழுத்தைத் தடவிப் பார்க்கிறார் என்று ரத்தினம்மா வந்து சொன்னாள். அவருக்கு முப்பது வருடத் தொழில் அது. பிள்ளை குட்டி இல்லை. கிளமெண்டிக்கு வந்து இருங்கள் என்று கூப்பிட ஒரு மகளும் இல்லை.

ஜனவரி பிறந்ததும் அந்தோனியம்மாள் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனாள். திருநாளுக்குச் சிவப்பு நூல் வாங்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி பஃபலோ ரோட்டில் ரவூப்பின் டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ரவூப் அவர்களிடம் பால் வாங்கி டீ ஆற்றுகிறவர். தூரத்திலேயே பார்த்து "அக்கா, தே குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிடுவார். அன்றைக்குக் கூப்பிடவில்லை. கிளாஸ் கழுவுவதில் ரொம்ப மும்முரமாக இருந்தார்.

அவளே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். "என்ன ரவூப், கண்ணு தெரியலியா?"

"இல்லக்கா… வேலை லா." கிளாஸைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். குரலை இறக்கினார். "மாட்டுக்கு ரத்தத்துல கேன்சருன்னு பேசிக்கிறாங்களே. நெசமா?"

"யாரு சொன்னா?"

"யாரோ சொல்றான். மார்க்கெட்டு ஃபுல்லா அதான் பேச்சு. எனக்கு ஒண்ணும் இல்லக்கா, நான் இன்னைக்கும் உங்க பாலத்தான் காய்ச்சிக் குடிச்சேன். டாக்டரு ஒண்ணும் ஆகாதுன்னாருன்னு நீங்க சொல்வீங்க. நான் நம்புவேன். ஆனா கஸ்டமரு தே வேணாம், மைலோ போடுங்கிறான். டின் பால்ல போடுங்கிறான். நான் என்ன செய்ய?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். எனக்கும் டின் பால்லயே போடுங்க, குடிச்சுப் பாக்கிறேன்" என்றாள் அந்தோனியம்மாள். ரவூப் போட்டுக் கொடுத்தார். தித்திப்பு மட்டும்தான் இருந்தது. பாதியை வைத்துவிட்டு நூல் வாங்கப் போனாள்.

நூல் எதற்கு என்று சொல்லிவிட வேண்டும்.

பொங்கல் முடிந்து சில நாளில், ஜனவரி பதினேழில், வனத்து அந்தோனியார் திருநாள் வரும். ஆடுமாடுகளுக்குக் காவல் அவர்தான். அன்றைக்கு அந்தோனியம்மாள் ஆஃபீர் ரோட்டு மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு, மந்திரித்த உப்பும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு வருவாள். புதிதாக வந்த மாட்டுக்கும், அந்த வருடம் பிறந்த கன்றுகளுக்கும் காது குத்திச் சிவப்பு நூல் கோப்பாள். இது அவள் அப்பா காலத்திலிருந்து வருகிற வழக்கம். கோயிலில் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இந்த வீட்டோடு வந்தது. ஒரு கோணி ஊசி, தலைப்பில் சின்னச் சிலுவை கட்டியது, வருடம் முழுக்க அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் இருக்கும். எடுத்ததும் முதலில் கொட்டகையிலேயே நன்றாகக் கறக்கிற மூத்த பசுவின் காதில் குத்துவாள். ஊசியில் அந்தப் பசுவின் ரத்தம் ஒரு பொட்டாவது ஒட்ட வேண்டும். அதோடுதான் கன்றுகளின் காதைக் குத்த வேண்டும். அப்போதுதான் மூத்தவளின் பால்ராசி கன்றுக்கு இறங்கும். நடுவில் ஊசியைக் கழுவக் கூடாது. மந்திரித்த எண்ணெய் பட்டதைக் கழுவி யாராவது சாக்கடையில் விடுவார்களா? எண்ணெயிலேயே தோய்த்துத் தோய்த்துக் குத்துவாள். ஏழெட்டு வருடமாக மூத்தவள் ராக்கினிதான்.

அந்தோனியம்மாள் கை ராசியான கை என்று ஊரே சொன்னது. அதனால் துரைசாமியும் திருநீறு பூசிய நெற்றியோடு வருடா வருடம் தன் கன்றுகளை வேலியைத் தாண்டி ஓட்டி வருவார். "சாமி எந்தச் சாமியா இருந்தா என்ன தங்கச்சி, பால் வெள்ளையாத்தானே இருக்கு" என்பார்.

அந்த வருடம் திருநாளுக்கு முதல் நாள் சாயங்காலம் அலெக்சாண்டர் வந்து இரண்டாவது தடவை ரத்தம் எடுத்தார். இந்த முறை துரைசாமி கொட்டகையிலும் எடுத்தார். கன்றுக்குட்டிகளைக்கூட விடவில்லை. ஒவ்வொரு மாட்டுக்கும் புது ஊசி பிரித்தார். "எவ்வளவு ஊசி வீணாப்போகுது பாருங்க" என்று அந்தோனியம்மாள்கூடச் சொன்னாள்.

மறுநாள் திருநாளை அவள் என்றைக்கும் செய்யாத பக்தியோடு செய்தாள். ராக்கினியைக் குளிப்பாட்டி, கொம்பில் எண்ணெய் தடவி, நெற்றியில் சிலுவை போட்டாள். உப்பை உள்ளங்கையில் வைத்து நக்கக் கொடுத்தாள். "அந்தோனியாரே, இவளை எனக்கு விட்டுடும். வேற ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிக்கொண்டே, வழக்கத்தைவிட ஆழமாகக் காதில் குத்தினாள். ரத்தம் சொட்டாகவே வந்தது. அதோடு ராக்கினியின் கன்றைக் குத்தினாள். போன திருநாளுக்குப் பிறகு வாங்கியிருந்த இரண்டு இளம் பசுக்களைக் குத்தினாள். கடைசியில் துரைசாமி தன்னுடைய செவலைக் கன்றைப் பிடித்துக் கொடுத்தார். நல்ல ஜாதி, ரத்தினம்மா பிள்ளைபோல வளர்ப்பது.

"நல்லா ஒட்டிக் குத்து தங்கச்சி. ராக்கினி ராசி முழுசா எறங்கட்டும்" என்றார்.

எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். அன்றைக்கு ராத்திரி அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. டிசம்பருக்குப் பிறகு அப்படித் தூங்கியது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அலெக்சாண்டர் வந்தார். துரைசாமியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். குடையை மடக்கி ஓரமாக வைத்தார். மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிடுங்க தம்பி" என்றாள் அந்தோனியம்மாள்.

"ராக்கினிக்கு இந்தத் தடவையும் அப்படியேதான் இருக்கு ஆன்ட்டி. போன தடவையவிட ஜாஸ்தி. அது மட்டும் இல்ல. பழைய மாடு எல்லாத்துக்கும் ஏற ஆரம்பிச்சிருக்கு. துரைசாமி அங்கிளோட பெரிய மாடுங்களுக்கும்தான்."

துரைசாமி வேலிக்கு அந்தப் பக்கம் தன் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். தகரத்தில் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தோனியம்மாள் ராக்கினியின் முதுகில் கையை வைத்து நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. இது வரும் என்று உள்ளுக்குள் எங்கேயோ தெரிந்துதான் இருந்தது.

"லாரி திங்கக்கிழமை வரும்" என்றார் அலெக்சாண்டர். பிறகு முகத்தைக் கொஞ்சம் தெளிவாக்கிக்கொண்டார். "ஆனா ஒரு நல்ல சேதி இருக்கு. புதுசா வாங்கின ரெண்டு பசு, ராக்கினியோட கன்னு, அங்கிளோட செவலைக் கன்னு, இதுங்க சுத்தமா இருக்கு. ஒரு குறையும் இல்ல. இதை வச்சு நீங்க திரும்ப ஆரம்பிக்கலாம். நான் ஆபீஸ்ல பேசிட்டேன், இதுங்களை விட்டுடுறோம்னு சொல்லிட்டாங்க."

துரைசாமி அப்படியே தீவனப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். "செவலை இருக்கா? போதும் டாக்டர். ஒண்ணு இருந்தா போதும். ரத்தினம்மாகிட்டச் சொல்லணும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல" என்றார் அலெக்சாண்டர். "ரெண்டு கொட்டகைக்கு எப்படிப் போச்சு? இது காத்துல வராது. தண்ணியில வராது. கூட நின்னு தின்னா அவ்வளவு லேசுல ஒட்டாது. ரத்தத்துலேர்ந்து ரத்தத்துக்குப் போனாத்தான் இப்படிப் பரவும்."

அந்தோனியம்மாள் மாட்டின் முதுகிலிருந்து கையை எடுத்தாள். "எவ்வளவு ரத்தம் தம்பி?"

"ரொம்ப வேணாம். ஊசி முனையில ஒட்டுற அளவு போதும். அதான் அன்னைக்கு ஒவ்வொண்ணுக்கும் புது ஊசி போட்டேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். பழைய மாடுகளின் காதில் வெளுத்துப்போன சிவப்பு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. சுத்தம் என்று அவர் சொன்ன இளம் பசுக்களின் காதில் புது நூல். கன்றின் காதில் புது நூல், அதன் முடிச்சுகூட இன்னும் இறுகவில்லை. அலெக்சாண்டர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

புருஷனைப் பார்த்தாள். இயேசுதாசனுக்கும் புரிந்துவிட்டது. அவர் அவளையே பார்த்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் தலையை இப்படியும் அப்படியும் ஒரு தடவை அசைத்தார். சொல்லாதே என்று அர்த்தம். முப்பது வருடத்தில் அவர் அவளிடம் கேட்டுக்கொண்டது குறைவு. இதைக் கேட்டார்.

சொல்லாவிட்டால் நாலும் இருக்கும். துரைசாமி அண்ணன் செவலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். ரத்தினம்மா அதற்குக் கஞ்சி வைப்பாள். அஞ்சு வருஷம் சும்மா இருக்கும், எட்டு வருஷம் சும்மா இருக்கும் என்று இந்தப் பிள்ளைதானே சொன்னார். அதுவரைக்கும் யார் இருக்கப்போகிறார்கள்? இவ்வளவும் அவள் மனதில் ஓடியது. அடுத்த ஜனவரியில் துரைசாமி இன்னொரு கன்றைப் பிடித்துக்கொண்டு வேலியைத் தாண்டி வருவதும் தெரிந்தது.

உள்ளே போனாள். சுரூபத்தின் காலடியிலிருந்து ஊசியை எடுத்து வந்து, அலெக்சாண்டரின் கையில் வைத்தாள். ஊசி முழுக்க எண்ணெயும் கருப்பாக உறைந்த ரத்தமும் அப்பியிருந்தது.

"இதாலதான் தம்பி காது குத்துறது. முதல்ல ராக்கினிக்கு. அப்புறம் மத்ததுக்கு. எல்லா வருஷமும்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நடுவுல கழுவுவீங்களா?"

"மந்திரிச்ச எண்ணெய் பட்டதை எப்படித் தம்பி கழுவுறது?"

"இந்த வருஷம் குத்தினீங்களா?"

"குத்தினேன்."

"எப்போ ஆன்ட்டி? நான் ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடியா?"

"நீங்க எடுத்துட்டுப் போன மறுநாள். நீங்க சுத்தம்னு சொன்ன நாலுக்கும். ராக்கினி நல்லாகணும்னு ஆழமாக் குத்தினேன்."

அலெக்சாண்டர் ஊசியிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தால், ஏன் என்னிடம் சொன்னீர்கள் என்று கேட்பதுபோலத்தான் இருந்தது. கடைசியில், "ஒட்டியிருக்கலாம், ஒட்டாமலும் இருக்கலாம். ரத்தத்துல தெரியறதுக்கு மாசக் கணக்காகும், சிலதுக்கு வருஷக் கணக்கு. அதுவரைக்கும் வச்சுக்க ஆபீஸ்ல விடமாட்டாங்க" என்றார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா…" என்று ஆரம்பித்தவர் அதை முடிக்கவில்லை.

"அதுங்களையும் ஏத்திக்குங்க" என்றாள் அந்தோனியம்மாள்.

இயேசுதாசன் வெளியே இறங்கி மழையில் நடந்து போய்விட்டார். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

துரைசாமி எழுந்தார். அவர் கத்துவார், கையை ஓங்குவார் என்றெல்லாம் அவள் எதிர்பார்த்தாள். அப்படி ஏதாவது செய்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவர் வேலியைத் தாண்டித் தன் கொட்டகைக்குப் போனார். சற்று நேரத்தில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அந்தோனியம்மாள் வேலியோரம் போய்ப் பார்த்தாள். துரைசாமி செவலைக் கன்றைக் குழாயடியில் நிறுத்தி, காதிலிருந்த நூலை அரிவாளால் அறுத்துப் போட்டுவிட்டு, லைஃப்பாய் சோப்பைக் குழைத்து அந்தக் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நுரை வழிந்தது. தண்ணீர் ஊற்றினார். திரும்பவும் சோப்பைப் போட்டார். கன்று தலையை உதறி உதறிக் கத்தியது. ரத்தினம்மா வாசலில் நின்று என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"டாக்டர்," என்றார் துரைசாமி, நிமிராமலே. "நல்லாக் கழுவினா போயிடும்ல?"

அலெக்சாண்டர் வேலிக்கு இந்தப் பக்கம் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இல்ல அங்கிள்" என்றார் மெதுவாக.

துரைசாமிக்குக் கேட்டதோ இல்லையோ, தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஒரு கையால் கன்றைப் பிடிக்கவும் ஒரு கையால் தேய்க்கவும் அவரால் முடியவில்லை. சோப்பு வழுக்கிச் சேற்றில் விழுந்தது. குனிந்து எடுத்தார், திரும்பவும் விழுந்தது.

அந்தோனியம்மாள் வேலியைத் தாண்டிப் போனாள். சேற்றிலிருந்து சோப்பை எடுத்துக் கழுவி அவர் கையில் கொடுத்தாள். கன்றின் தலையை இரண்டு கையாலும் தன் வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், போன வாரம் குத்தும்போது அவர் பிடித்துக் கொடுத்ததைப் போலவே.

"தேய்ங்க அண்ணே" என்றாள்.